ரைசன் 5 7520யூ-வா, ஐ5 1235யூ-வா? பொண்ணுக்கு லேப்டாப், கொஞ்சம் அவசரம்

ராணிப்பேட்டை_கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் சிப்காட்ல ஒரு ஷூ அப்பர் யூனிட்ல கணக்கு பாக்குறேன், டேலி தெரியும், அதத் தாண்டி கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனால கேக்குறது சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாதீங்க. பொண்ணு இசிஇ ரெண்டாம் வருஷம், காட்பாடி பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. மொத வருஷம் முழுக்க அவ அண்ணன் வெச்சிருந்த பழைய லேப்டாப்பயே ஓட்டிட்டா, இப்ப அது ஆன் ஆவுறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்.

நேத்து வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடைல ரெண்டு மாடல் எடுத்துக் காட்டுனாங்க. ஒண்ணு ரைசன் 5 7520யூ, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி. இன்னொண்ணு ஐ5 1235யூ, 8 ஜிபி ராம், அதே 512. ஐ5 நாலாயிரம் ஜாஸ்தி. கடைப் பையன் சொல்றான், "சார் நீங்க கணக்கு பாக்குறவரு தானே, 7520 பெருசா 1235 பெருசா நீங்களே சொல்லுங்க, ராமும் டபுள், விலையும் கம்மி, இதுக்கு மேல இன்னா யோசிக்கிறீங்க"ன்னு. கணக்குல அவன் சொல்றது சரியா தான் படுது, ஆனா மனசு ஒப்பல. 7520 பெருசா இருந்தா ஏன் விலை கம்மி?

கோட்டை_அகழி

கடைசி வரி கேட்டீங்க பாருங்க, அங்கதான் நீங்க கணக்குப் பிள்ள.

முள்ளு_கத்திரிக்கா

அண்ணா அந்தப் பையன் சொன்னது செருப்பு சைஸ் கணக்கு, 9 விட 10 பெருசுன்ற மாதிரி. ஒரே கம்பெனி சிப்புங்கள கூட வெறும் நம்பர வெச்சு பேச முடியாது, இதுல ரெண்டு கம்பெனி, ரைசன் ஏஎம்டி-யோடது, ஐ5 இன்டெலோடது. நான் தோட்டப்பாளையத்துல லேப்டாப் சர்வீஸ் பண்ணிகினு இருக்கேன், வாரத்துக்கு ரெண்டு பேராவது இந்த நம்பர நம்பி வாங்கிட்டு வந்து "ஏன்பா புது லேப்டாப் இவ்ளோ ஸ்லோ"ன்னு கேப்பாங்க.

ரைசன் 7000 சீரிஸ்ல நாலு எண்ணுக்கும் தனித்தனி அர்த்தம். மொத 7 வந்து 2023-ம் வருஷ மாடல் வரிசைன்னு. ரெண்டாவது 5 வந்து ரைசன் 5 ன்ற அந்தஸ்து. மூணாவது எண் தான் உயிர், அது சிப்போட டிசைன் தலைமுறைய சொல்லும், அதுக்குப் பேரு ஜென், 2-ன்னா உள்ள இருக்கறது ஜென் 2, 3-ன்னா ஜென் 3, 4-ன்னா ஜென் 4. உங்க 7520-ல மூணாவது எண் இன்னா? 2. ஜென் 2 மொத மொத டெஸ்க்டாப்ல வந்தது 2019-ல. அதாவது பழைய டிசைன புதுசா 6 நானோமீட்டர்ல அடிச்சு நாலு கோர் (வேல செய்யற மூள), எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல கையில எடுத்துக்கற வேல) மட்டும் வெச்சு, எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான சின்ன மெமரி, வெறும் 4 எம்பி குடுத்து, கிராபிக்ஸுக்கு ரெண்டே ரெண்டு யூனிட் குடுத்து விட்டது தான் இது. இத ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், 2022 கம்ப்யூட்டெக்ஸ்ல அறிவிக்கும்போதே 399-லேருந்து 699 டாலர் லேப்டாப்புக்குன்னு சொல்லித்தான் கொண்டாந்தாங்க, விலை கம்மி லேப்டாப்புக்கு நல்ல சிப்பு தான். ஆனா மேல "ரைசன் 5", "7" ரெண்டும் ஒட்டியிருக்கு பாருங்க, அதான் ஆளக் கவுக்கும்.

1235யூ பன்னெண்டாம் தலைமுறை, 2022-ல வந்தது. பத்து கோர், பன்னெண்டு த்ரெட், எல்3 12 எம்பி.

ராணிப்பேட்டை_கணக்கு

தம்பி ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு இடிக்குது. நாலு கோருக்கு எட்டு த்ரெட்டுன்னா, பத்து கோருக்கு இருவது தானே வரணும்? பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க, தப்பா அடிச்சிட்டீங்களா?

முள்ளு_கத்திரிக்கா

இல்லணா சரியா தான் அடிச்சேன், நல்ல கேள்வி. உங்க யூனிட்ல கட்டிங் மாஸ்டர் ரெண்டு பேரு, ஹெல்ப்பர் எட்டு பேரு இருக்காங்கன்னு வெச்சுக்கங்க. 1235யூ-ல ரெண்டு பெரிய கோர், எட்டு சின்ன கோர். பெரிய கோர் ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல ரெண்டு வேல கையில வெச்சுக்கும், சின்ன கோர் ஒண்ணு தான். 2 பெருக்கல் 2, கூட்டல் 8, பன்னெண்டு. பெரிய கோர் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், சின்னது 3.3. எந்த வேலய மாஸ்டர்கிட்ட குடுக்கணும், எத ஹெல்ப்பர்கிட்ட தள்ளணும்னு விண்டோஸுக்கு சிப்பே துப்பு குடுக்கும், அது ஒழுங்கா நடக்கணும்னா விண்டோஸ் 11 வேணும். 10-லயும் ஓடும், ஆனா அந்த மேஸ்திரி வேல அவ்ளோ சுத்தமா இருக்காது, அதுவும் இல்லாம 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு.

ரைசன்ல நாலு பேருமே ஒரே மாதிரி ஆளு, சண்ட சச்சரவு இல்ல, ஆனா நாலே பேரு, அதுவும் கொஞ்சம் வயசானவங்க.

கோட்டை_அகழி

ராஜா இல்லாத கோட்ட, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மல, சாமி இல்லாத கோயில்னு நம்மூர சொல்லுவாங்க. இப்ப ஏழு இல்லாத ஏழாயிரமும் வந்துடுச்சு.

குடியாத்தம்_லுங்கி

சாமிய 1981-லயே ஜலகண்டேஸ்வரர் கோயில்ல கொண்டாந்து வெச்சாச்சு பெருசு, உங்க டயலாக்குக்கும் 2019 மாடல் தான் போல.

செவப்பு_சிப்பு

எல்லாரும் சேந்து ஏஎம்டி-ய போட்டு மிதிக்கிறீங்களே, ரெண்டு பக்கமும் பேசுங்கப்பா. இந்த 7520யூ பழைய சரக்குன்னு 2023 டிசம்பர்ல இன்டெலே ஒரு பிரச்சாரம் பண்ணாங்க, பாம்பு எண்ணெய்னு போலி மருந்து விக்கிறவன் படமெல்லாம் போட்டு, தன்னோட 1335யூ கூட ஒப்பிட்டு. ஊரே திருப்பி சிரிச்சுது, சத்தமில்லாம தூக்கிட்டாங்க. ஏன் சிரிச்சாங்க? 1235யூ-ல 2 பெருசு 8 சின்னது, அடுத்த வருஷம் வந்த 1335யூ-லயும் 2 பெருசு 8 சின்னது, அப்பால பேரயே மாத்தி "கோர் 5 120யூ"ன்னு விட்டாங்களே அதுலயும் அதே 2, அதே 8. கிளாக் ஸ்பீடு கொஞ்சம் ஏத்தியிருப்பாங்க. பழைய வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறது ரெண்டு கடைலயும் நடக்குது.

இன்னொண்ணு, அண்ணன் கேக்குறது சிப்பு இல்ல, லேப்டாப்பு. ஒரு பக்கம் 16 ஜிபி, இன்னொரு பக்கம் 8 ஜிபி. விண்டோஸ் 11 ஆன் ஆயி சும்மா நின்னாலே நாலு ஜிபி-க்கு பக்கமா தின்னுடும். பாப்பா குரோம்ல இருவது டேப் தொறந்து, ஒரு பிடிஎஃப் தொறந்து, பைத்தான தொறந்தா 8 ஜிபி ரொம்பிடும், ரொம்புனா எஸ்எஸ்டி-ல எழுத ஆரம்பிக்கும், அப்ப பத்து கோர் இருந்தா இன்னா நூறு கோர் இருந்தா இன்னா, எல்லாம் வரிசைல நிக்கும். இத ஏன் யாரும் சொல்லல?

ராணிப்பேட்டை_கணக்கு

இப்ப திரும்பவும் கொழம்பிட்டேன்.

முள்ளு_கத்திரிக்கா

செவப்பு சொல்றதுல ராம் பாயின்ட் நூத்துக்கு நூறு சரி, நான் விட்டுட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு பாருங்க, 7520யூ-க்கு எல்பிடிடிஆர்5 ராம் மட்டும் தான், போர்டோட போர்டா ஒட்டி வந்துடும், ஸ்லாட்டே கெடையாது, 16 வாங்குனா சாவுற வரைக்கும் 16. 1235யூ லேப்டாப்புல நெறைய மாடல்ல டிடிஆர்4 தான், சிலதுல ஒரு ஸ்லாட் காலியா இருக்கும். அண்ணா, கடைல போய் மூணே கேள்வி கேளுங்க: ஸ்லாட் எத்தன, அதுல காலி எத்தன, நாங்களே ராம் போட்டா வாரன்ட்டி போவுமா. பையன் தெரியலன்னா மாடல் நம்பர எழுதிகினு வாங்க, நான் பாத்து சொல்றேன்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. 1235யூ-க்குள்ள இருக்கற கிராபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்ஈ, 80 யூனிட். ஆனா ராம் ஒத்தையா ஒரு குச்சி மட்டும் இருந்தா அதையே விண்டோஸ் "யூஹெச்டி கிராபிக்ஸ்"னு தான் காட்டும், வேகமும் கொறையும். இன்னொரு குச்சி போட்டு ரெண்டு சேனலும் ஓட ஆரம்பிச்சா தான் பேரு மாறும். ஒரு வருஷமா யூஹெச்டி-ன்னு பாத்துகினு இருந்த ஒருத்தருக்கு 8 ஜிபி குச்சி ஒண்ணு போட்டு குடுத்தேன், சிப்பையே மாத்திட்டேன்னு நெனச்சு எக்ஸ்ட்ரா நூறு ரூபா குடுத்துட்டு போனாரு.

குடியாத்தம்_லுங்கி

வாங்கிகினியா?

முள்ளு_கத்திரிக்கா

டீ, போண்டா, மீதிய திருப்பிக் குடுத்தேன்யா.

ஆம்பூர்_மாடிவீடு

சலாம். நான் ஷூ பேட்டர்ன் கேட் (கம்ப்யூட்டர்ல வரையற சாஃப்ட்வேர்) டிசைன் பண்றவன், எங்கிட்ட ரெண்டு பக்கமும் மெஷின் இருக்கு, ஆபீஸ்ல குடுத்தது 1235யூ, சொந்தமா வாங்குனது ரைசன் 5 5625யூ. அதனால கேள்விப்பட்டத சொல்லல, அனுபவிச்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

மொதல்ல எங்க வீடு மாடி, மேல அஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, அக்னி நட்சத்திரத்துல மதியம் ரூமுக்குள்ள தெர்மாமீட்டர் 40 தாண்டும். லேப்டாப் கூட வர்ற புக்க எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் 35 டிகிரி வரைக்கும் வெச்சு ஓட்டுன்னு தான் போட்டிருப்பான். நம்மூர்ல மே மாசம் 35 எப்ப தெரியுமா, காலைல ஒம்போதரைக்கு. அப்ப ரிவியூ எழுதுறவன் ஏசி ரூம்ல வெச்சு எடுத்த நம்பர் நமக்கு எதுக்கு?

அதுக்காக நானே ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சினிபெஞ்ச் ஆர்23-ன்னு சிப்பு வேகத்துக்கு மார்க் போடற சாஃப்ட்வேர்ல பத்து நிமிஷ டெஸ்ட் ஓட விட்டேன். 1235யூ மொத ரவுண்டு ஏழாயிரத்து சொச்சம் அடிச்சுது, ஆகா ஆகான்னேன். பத்து நிமிஷம் முடிஞ்சு பாத்தா ஐயாயிரத்து சொச்சம். காரணம் இன்னான்னா இந்த சிப்புக்கு அடிப்படை பவர் 15 வாட், ஆனா கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரைக்கும் போகலாம்னு இன்டெல் அனுமதி குடுத்திருக்கு. அந்தக் கொஞ்ச நேரம் எவ்ளோ, அப்பால எந்த வாட்டுல நிக்கணும்ன்றத லேப்டாப் கம்பெனி தான் வெக்கிறான். என்னுது ஒல்லி பாடி, ஒரே ஃபேன், அரை நிமிஷம் பாய்ஞ்சிட்டு அப்பறம் 15-ல போய் படுத்துடுது. ரைசன் 5625யூ எட்டாயிரத்துல ஆரம்பிச்சுது, பத்து நிமிஷம் கழிச்சும் ஏழாயிரத்துக்கு மேலயே நின்னுது. அதுல ஆறு கோர், ஆறும் ஜென் 3, எல்3 16 எம்பி, அதுக்கும் அடிப்படை பவர் (டிடிபி) அதே 15 வாட் தான், ஆனா அந்தப் பாடில காத்து போக வழி இருக்கு.

இத வெச்சு ரைசன் தான் பெஸ்ட்டுன்னு சொல்ல வர்றேன்னு நெனைக்காதீங்க. நான் நெசமா பண்ற வேல கேட். கேட்ல பெரும்பாலான வேல ஒரே கோர்ல தான் ஓடும், அங்க 1235யூ-வோட பெரிய கோரு முன்னாடி போயிடும். சினிபெஞ்ச் ஒத்த கோர் டெஸ்டுல இன்டெல் ஆயிரத்து அறுநூறுக்கு மேல, ரைசன் ஆயிரத்து நானூறு சொச்சம். பேட்டர்ன சுழட்டும்போது, சேவ் பண்ணும்போது இந்த வித்தியாசம் கைல தெரியும். ரெண்டு செகண்டு தானேன்னு தோணும், ஒரு நாளைக்கு முன்னூறு தடவ சேவ் பண்றவனுக்கு அது டீ டைம்.

என் மச்சான்கிட்ட 7520யூ இருக்கு, அதையும் ஒரு தடவ ஓட விட்டேன். எல்லா கோரும் சேந்து நாலாயிரத்து சொச்சம், ஒத்த கோர் ஆயிரத்து நூறு சொச்சம். ஆனா ஃபேன் சத்தமே வரல, மெஷின் தொட்டா சூடே இல்ல. அத ஒத்துக்கணும்.

செவப்பு_சிப்பு

பாய் நீங்க தான் நம்ம ஆளு 🙏 ஆனா உங்க 5625யூ ஜென் 3, அண்ணன் கேக்குற 7520யூ ஜென் 2, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு நீங்களே போல்டுல போட்டுடுங்க, இல்லன்னா யாராவது பாதி படிச்சிட்டு போய் 7520 வாங்கிடுவாங்க. 5625யூ வேணும்னு நெனைக்கிறவங்க 7530யூ தேடுங்க, மூணாவது எண் 3 பாருங்க, உள்ள அதே ஆறு கோர் ஜென் 3, உச்ச கிளாக் கொஞ்சம் கூட. பத்து நம்பர் தான் வித்தியாசம், உள்ள இருக்கறது வேற சாதி. 7520 விட 5625 எவ்ளோவோ மேலன்னு சொன்னா கடைல எவனும் நம்ப மாட்டான்.

ராணிப்பேட்டை_கணக்கு

நான் நோட்டுல எழுதிகினு இருக்கேன். 7520 வேற, 7530 வேற. இதுக்கு டேலி-ல ஜிஎஸ்டி எவ்ளோவோ தேவல.

குடியாத்தம்_லுங்கி

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், ஒரு வரி சொல்லிட்டு போறேன். பிரீமியர்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது இன்டெல் சிப்புல குயிக் சிங்க்னு ஒரு வீடியோ இன்ஜின் தனியா இருக்கு, அது வேலய வாங்கிக்கும், கோர் எத்தனன்ற கணக்கே அங்க மாறிடும். ஏவி1-ன்ற புது வகை வீடியோ ஓட்டுறதுக்கும் 1235யூ-ல ஹார்டுவேர் இருக்கு, 5625யூ-ல இருக்கற வேகா கிராபிக்ஸ்ல அது இல்ல. பொண்ணு ரீல்ஸ் கீல்ஸ் எடிட் பண்ணுமா தெரியல, பண்ணுதுன்னா இன்டெல் வாங்குங்க.

ராணிப்பேட்டை_கணக்கு

பண்ணாதுங்க. பண்ணாதுன்னு நெனைக்கிறேன்.

ஹாஸ்டல்_மதுரைக்காரன்

அண்ணே நான் காட்பாடில தான் படிக்கிறேன், மூணாவது வருஷம், ஊரு மதுர. நீங்க எல்லாரும் ஒரு விசயத்த மறந்துட்டீக. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு ரெண்டு பிளக்கு, நாலு பேரு, அதுல ஒருத்தன் கெட்டில் வெச்சிருப்பான். கிளாஸ்ல கடைசி பெஞ்சுல மட்டுந்தேன் பிளக்கு. நாள்ல பாதிக்கு மேல பேட்டரில தான் ஓடுது. சார்ஜர புடுங்குனா லேப்டாப் என்ன பண்ணுதுங்கறத எந்தக் கடைலயும் காட்ட மாட்டாய்ங்க.

பேட்டரிக்கு மாறுனதும் நெறைய லேப்டாப்புல வாட்ட கொறச்சிருவாய்ங்க. என் ரூம்மேட்டு 1235யூ, சார்ஜர்ல இருக்கும்போது பறக்கும், புடுங்குனா ஒரு படி எறங்கும். விண்டோஸ் பவர் மோட "பெஸ்ட் பர்பார்மன்ஸ்"ல வெச்சா கொஞ்சம் சரியாகும், ஆனா பேட்டரி சாயங்காலம் வரைக்கும் நிக்காது. 7520யூ ஒருத்தன் வெச்சிருக்கான், அவன் காலைல ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்தா லேப் முடிஞ்சு மெஸ்ஸுக்கு போற வரைக்கும் நிக்கும். மெதுவா தேன் ஓடுது, ஆனா ஓடுது. நோட்ஸ் எடுக்கிறது, பிபிடி, யூடியூப் மட்டும்னா அது போதும்ணே, நாலாயிரம் மிச்சம்.

ஆம்பூர்_மாடிவீடு

தம்பி பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்ன்றதுல சிப்புக்கு பாதி பங்கு தான், பேட்டரி எத்தன வாட் ஹவர்னு பாக்கணும், டிஸ்பிளே பிரைட்னஸ் பாக்கணும். உன் ரூம்மேட்டுக்கு எவ்ளோ பேட்டரி?

ஹாஸ்டல்_மதுரைக்காரன்

அடில பாத்தேன் பாய், அவன்து 41, இன்னொருத்தன்து 47. சரி, அந்த ஒப்பீட்டுல பாதி போச்சு. ஆனா புடுங்குனா வேகம் எறங்குதுல்ல, அது நெசம்.

முள்ளு_கத்திரிக்கா

அது நெசம் தான். அதனால தான் நான் யாருக்கும் சிப்பு பேர மட்டும் கேட்டு பதில் சொல்றதில்ல. ஒரே 1235யூ-வ ரெண்டு கம்பெனி பாடில போட்டா அண்ணன் தம்பி மாதிரி கூட இருக்காது, பங்காளி மாதிரி இருக்கும். ஒருத்தன் 25 வாட்டுல நிக்க விடுவான், இன்னொருத்தன் 15-லயே அமுக்கிடுவான். ரெண்டு டப்பாலயும் ஸ்டிக்கர் அதே ஐ5. போன வாரம் ஒரு மெஷின் வந்துச்சு, ஷூ கம்பெனி ஆபீஸ் மெஷின், ரெண்டு வருஷம் தான் ஆவுது, ஸ்லோன்னு சொன்னாங்க, தொறந்தா ஃபேன்ல தோல் தூளு கம்பளி மாதிரி படிஞ்சிருக்கு. கிளீன் பண்ணி பேஸ்ட் மாத்துனேன், பழைய வேகம் வந்துடுச்சு. அதுக்குள்ள அவங்க புதுசு வாங்க கொட்டேஷன் போட்டுட்டாங்க.

கோட்டை_அகழி

இப்ப ராணிப்பேட்டை அண்ணன் ஓடிப்போயி ஆபீஸ் மெஷின் ஃபேன எட்டிப் பாப்பாரு.

ராணிப்பேட்டை_கணக்கு

பாத்தேன். இருக்கு.

ராணிப்பேட்டை_கணக்கு

அண்ணா, அங்கிள் எல்லாருக்கும் வணக்கம், நான் அந்தப் பொண்ணு தான், அப்பா ஐடில வரேன். சனிக்கெழம வீட்டுக்கு வந்தேன், நைட்டு அப்பா இத ஃபுல்லா படிக்கச் சொன்னாரு, படிச்சிட்டு இந்த வாரம் ஹாஸ்டல்ல நானே ஒண்ணு பண்ணிப் பாத்தேன், சொல்றேன்.

எனக்கு சினிபெஞ்ச் எல்லாம் தேவையில்ல, நான் 3டி படம் வரைய போறதில்ல. எனக்கு வெரிலாக் (சர்க்யூட்ட எழுதுற மொழி) சிமுலேஷன் ஓடணும், மேட்லேப்னு கணக்கு போடற சாஃப்ட்வேர் ஓடணும், பைத்தான். போன செமஸ்டர் பண்ண பிராஜெக்ட் சிமுலேஷன் ஒண்ணு இருந்துச்சு, அது எப்பவும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதையே பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு போய் சீனியர் அக்காவோட 1235யூ-ல ஒரு தடவ, என் பிரெண்டோட 7520யூ-ல ஒரு தடவ ஓட விட்டேன். ரெண்டுலயும் மூணு மூணு தடவ ஓட்டி நடுவுல வர்றத எடுத்துக்கிட்டேன். சார்ஜர் போட்டு: இன்டெல் 52 செகண்டு, ரைசன் 1 நிமிஷம் 20. சார்ஜர் இல்லாம: இன்டெல் 1 நிமிஷம் 5, ரைசன் 1 நிமிஷம் 24. அந்த சிமுலேட்டர் ஒரே ஒரு கோர தான் யூஸ் பண்ணுது, டாஸ்க் மேனேஜர்ல பாத்தேன், மத்ததெல்லாம் சும்மா உக்காந்திருக்கு. அதனால எத்தன கோர்ன்றது எனக்கு அவ்ளோ முக்கியம் இல்ல, ஒரு கோர் எவ்ளோ வேகம்ன்றது தான்.

மதுர அண்ணா சொன்ன மாதிரி புடுங்குனா இன்டெல் தான் அதிகமா எறங்குது. ஆனா எறங்குன அப்பறமும் ரைசன் சார்ஜர்ல ஓடுறத விட முன்னாடி தான் இருக்கு.

ராம் விஷயத்துல செவப்பு அண்ணா சொன்னதும் பாத்தேன். அக்கா மெஷின்ல 8 ஜிபி தான், மேட்லேப், குரோம், பிடிஎஃப் மூணும் தொறந்து வெச்சிருந்தப்ப 92 சதவீதம் காட்டுச்சு, டேப் மாத்துனா ஒரு செகண்டு நிக்குது. பிரெண்டோட 16-ல அந்த நிக்கிறது இல்ல. சிமுலேஷன் ஒரு நாளைக்கு பத்து தடவ ஓட்டுவேன், டேப் ஒரு நாளைக்கு ஐநூறு தடவ மாத்துவேன். இப்ப எத எடுக்கறது?

செவப்பு_சிப்பு

இவ்ளோ நாள் நாம அடிச்சிகினு இருந்தத பாப்பா ஒரு பென்டிரைவ்ல முடிச்சிடுச்சு.

ஆம்பூர்_மாடிவீடு

மாஷா அல்லா. மூணு தடவ ஓட்டி நடுவுல எடுத்தியா, அதுவே போதும்மா, நான் கூட ஒரே தடவ தான் ஓட்டுனேன்.

முள்ளு_கத்திரிக்கா

பாப்பா, 1235யூ எடு, ஸ்லாட் காலியா இருந்தா மட்டும். 8 ஜிபி டிடிஆர்4 3200 குச்சி ஒண்ணு போட்டா ஐநூறு தடவயும் சரி, பத்து தடவயும் சரி. இப்ப ராம் விலை ஏறிக் கெடக்கு, போன வருஷ விலைக்கு கெடைக்காது, அதையும் அந்த நாலாயிரத்தோட சேத்து அப்பாவ கணக்கு போடச் சொல்லு. ஸ்லாட் இல்ல, ராம் ஒட்டி தான் வருதுன்னா அந்த 1235யூ-வ தொடாத. அப்ப 16 ஜிபியோட 7530யூ எங்கயாவது கெடைக்குதான்னு தேடு, அதுவும் இல்லன்னா சொல்லு, மறுபடி பேசுவோம். 8 ஜிபி-லயே மாட்டிக்கறதுக்கு 16 ஜிபி 7520 கூட பரவால்லன்னு தான் சொல்லுவேன், இத நானா சொல்றேன்னு எனக்கே ஆச்சரியமா கீது.

ஹாஸ்டல்_மதுரைக்காரன்

கடைல டெமோ பீஸ் இருந்தா தங்கச்சி, அந்த பென்டிரைவ கையோட கொண்டு போ. போட விட மாட்டேன்னு சொன்னா டாஸ்க் மேனேஜர மட்டுமாவது தொறந்து மெமரி பக்கம் போயி "ஸ்லாட்ஸ் யூஸ்டு" எத்தனன்னு பாத்துக்க. சில மெஷின்ல அதுலயும் ஒட்டுன ராம ஸ்லாட்டுன்னு காட்டும், அதனால மாடல் நம்பர முள்ளு அண்ணன்கிட்ட அனுப்பிரு.

ராணிப்பேட்டை_கணக்கு

அப்பா தான் வந்திருக்கேன். வாங்கியாச்சு. நேத்து சாயங்காலம் போனோம், பொண்ணும் கூட வந்துச்சு. கடைப் பையன் மறுபடியும் "7520 பெருசு சார்"னு ஆரம்பிச்சான், பொண்ணு "அண்ணா மூணாவது எண் இன்னா"ன்னு கேட்டுச்சு, அவன் என்னப் பாத்தான், நான் மேல ஃபேனப் பாத்தேன். மாடல் நம்பர் முள்ளு தம்பிக்கு அனுப்புனோம், பத்து நிமிஷத்துல ஒரு ஸ்லாட் காலின்னு பதில் வந்துச்சு. 1235யூ எடுத்தோம், நேரா தோட்டப்பாளையம் போயி குச்சி ஒண்ணு போட்டோம், ராமோட சேத்து நான் நெனச்சத விட ஆறாயிரத்து சொச்சம் கூட ஆயிடுச்சு, பரவால்ல, போனஸ் வரும். டாஸ்க் மேனேஜர்ல இப்ப ஐரிஸ் எக்ஸ்ஈ-ன்னு காட்டுது, அத போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், எதுக்குன்னு தெரியல.

தம்பி கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு. அடுத்த வாரம் ஆற்காடு பக்கம் போற வேல இருக்கு, மக்கன் பேடா வாங்கியாரேன், அத வேணான்னு சொல்லக் கூடாது.

ஒரே ஒரு சந்தேகம், மதியம் ரெண்டு மணிக்கு ஃபேன் ரொம்ப கத்துதுன்னு பொண்ணு போன் பண்ணுச்சு, ஏதாவது பிரச்சனயா?

முள்ளு_கத்திரிக்கா

எங்க வெச்சு ஓட்டுதுன்னு கேளுங்க.

ராணிப்பேட்டை_கணக்கு

கட்டில்ல, தலகாணி மேல.

முள்ளு_கத்திரிக்கா

அண்ணா அடில தான் காத்து உள்ள போற ஓட்ட இருக்கு, மேச மேல வெக்கச் சொல்லுங்க.

கோட்டை_அகழி

பேடா எனக்கு கெடையாதா?